டயாலிசிஸ் நோயாளிக்கு நெஞ்சுக்குள் ஸ்டென்ட்: கழன்று இருதயத்துக்குப் போய்விடுமா?

ஏற்காட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 56 வயது, காபி எஸ்டேட் வேலை. நான்கு வருடமாக வாரம் மூன்று நாள் சேலத்துக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையில் இணைத்த இடம்). ஒரு வருடமாக அந்தக் கை வீங்குகிறது. நெஞ்சுக்குள் பெரிய ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று பலூன் வைத்து விரித்தார்கள். முதல் பலூன் ஏழு மாதம் தாங்கியது, இரண்டாவது ஏழு வாரம். இப்போது ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய்) வைக்கலாம் என்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர், 'அது கழன்று இருதயத்துக்குள்ள போயிரும்' என்று சொல்லிவிட்டாராம். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி வந்தால் நகராதா, வைக்கலாமா வேண்டாமா என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் பதினேழு வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியன், நடுவில் சில வருடம் கேத் லேபில் (ரத்தக்குழாய்க்குள் பலூன், ஸ்டென்ட் வைக்கும் அறை) கூட நின்றவன். ஸ்டென்ட் வைப்பவர்கள் நோயாளியை இரண்டு நாள் பார்ப்பார்கள். அதற்கப்புறம் வாரம் மூன்று நாள், வருடக்கணக்காகப் பார்ப்பது நாங்கள். அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் குலுங்கல் விஷயத்தை முடித்துவிடுவோம். பஸ் குலுங்கி ஸ்டென்ட் நகராது. நகர்வதற்குக் காரணங்கள் வேறு, கீழே வருகிறேன். ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அபூர்வமாக அப்படி நடக்கும், நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஏன் சுருங்குகிறது? சாதாரணமாக ஓய்வில் இருக்கும் கைக்கு நிமிடத்துக்கு 100 மில்லிக்கும் குறைவான ரத்தம்தான் ஓடும். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அதே கையில் 600 மில்லி, முழங்கைப் பக்கம் போட்டிருந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்கூட ஓடும். அத்தனையும் காறை எலும்புக்கு (கழுத்தடியில் மார்பில் இருந்து தோளுக்குப் போகும் எலும்பு) கீழே போகும் குழாய் வழியாக, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள குழாய்க்குப் போய், அங்கிருந்து மேற்பெருஞ்சிரை என்ற பெரிய குழாயில் கலந்து இருதயத்துக்குள் இறங்க வேண்டும். அந்த வழியில் முன்பே காயம் பட்டிருந்தால் வேகமான ரத்தம் அந்த இடத்தை உரசி உரசி உள்சுவரைத் தடிக்க வைக்கும். காயம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் கழுத்திலோ தோளிலோ போட்ட ட்யூபில் இருந்து. காறை எலும்புக்கடியில் போட்ட ட்யூப்தான் மிக மோசம். அதனால்தான் இப்போது கழுத்தில், அதுவும் வலது கழுத்தில் போடப் பார்க்கிறார்கள். அங்கிருந்து இருதயத்துக்குப் பாதை நேர். இடப்பக்கம் என்றால் ட்யூப் இரண்டு இடத்தில் வளைந்து, போகிற வழியெல்லாம் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு வலப்பக்கம் ஏறாமல் இடது கழுத்தில் நான்கு மாதம் ட்யூப் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வீங்குவதும் இடது கைதான்.

நெஞ்சின் மேல் நீலமாகக் கொடி கொடியாக நரம்பு தெரிகிறதே (நாம் நரம்பு என்று சொல்வது ரத்தக்குழாயைத்தான்), அது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அடிவாரம் ரோட்டில் பாறை சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள் அல்லவா, அதுதான். பெரிய பாதை அடைபட்டதும் ரத்தம் சின்னச் சின்ன வழிகளைப் பிடித்துக்கொள்கிறது. சிலருக்கு இந்த மாற்றுப்பாதையே போதும். கை வீங்காது, மிஷினும் ஒழுங்காக ஓடும். அவர்களுக்குப் படத்தில் சுருக்கம் தெரிகிறது என்பதற்காக யாராவது பலூனோ ஸ்டென்ட்டோ வைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். தொந்தரவு தராத சுருக்கத்தில் கை வைத்தால் அது முன்னைவிட வேகமாக அடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். வழிகாட்டுதல்களும் அதைத் தொடாதே என்றுதான் சொல்கின்றன. உங்கள் அப்பா அந்த வகை இல்லை. கை வீங்குகிறது, ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க அரைமணி ஆகிறது. இது வைத்தியம் தேவைப்படும் சுருக்கம்.

பலூனா ஸ்டென்ட்டா என்பதில் முதல் வாய்ப்பு பலூனுக்குத்தான். அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2006 வழிகாட்டுதல், பலூன் வைத்த கையோடு குழாய் ரப்பர் போலச் சுருங்கி பாதிக்கு மேல் அடைப்பு மிஞ்சினாலோ, மூன்று மாதத்துக்குள் திரும்ப அடைத்தாலோ ஸ்டென்ட்டை யோசிக்கச் சொன்னது. ஏழு வாரம் என்பது அந்தக் கணக்குக்குள் வருகிறது. ஆகவே உங்கள் டாக்டர் அவசரப்படுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) அளந்தார்களா? இரண்டு லிட்டர் ஓடுகிற கையில் குழாயை எவ்வளவு விரித்தாலும் போதாது. வாய்க்காலை அகலப்படுத்துவதற்குப் பதில் மதகைக் கொஞ்சம் இறக்குவது போல, ஃபிஸ்டுலாவின் வாயைச் சிறிய அறுவைச் சிகிச்சையில் இறுக்கி ஓட்டத்தைக் குறைத்தாலே வீக்கம் வடிந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் அளக்காமல் விடக் கூடாது.

இனி கோளாறுகள். வைக்கும் அன்றைக்கே வரக்கூடியதில் பெரியது குழாய் கிழிவது. பலூன் விரியும்போது நெஞ்சில் வலி பலருக்கும் வரும், பலூனைச் சுருக்கினால் போய்விடும். சுருக்கிய பிறகும் வலி நிற்காமல், வேர்த்து, பிரஷர் இறங்கினால் கிழிந்திருக்கிறது என்று பொருள். உடனே பலூனை மறுபடி விரித்து ஓட்டையை அடைத்துப் பிடித்துக்கொண்டு, துணி போர்த்தின மாதிரி உறை போட்ட ஸ்டென்ட்டை வைத்து மூடுவார்கள். மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதி இருதயத்தைச் சுற்றிய உறைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே கிழிந்தால் ரத்தம் அந்த உறைக்குள் தேங்கி இருதயத்தை நசுக்கும், ஊசி குத்தி வடிக்க நிமிடக் கணக்குதான் கிடைக்கும். அதனால் உறை போட்ட ஸ்டென்ட்டும், எக்கோ மிஷினும், அவசரத்துக்கு இருதய அறுவைச் சிகிச்சை டாக்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் செய்வதுதான் நல்லது. விலை குறைவு என்று வேறு இடம் தேட வேண்டாம்.

அடுத்தது நகர்வது. கை தமனி, இருதயத் தமனி ஸ்டென்ட் எல்லாம் ஒரே அளவாக இருக்கும் குழாய்க்குள் உட்காருகின்றன. நெஞ்சுக்குள் இருக்கும் இந்தச் சிரைகள் அப்படி இல்லை. மூச்சை இழுத்தால் ஒரு அளவு, அடக்கினால் ஒரு அளவு, இருமினால் ஒரு அளவு. அதோடு இருதயத்தை நோக்கிப் போகப் போக அகலம் கூடிக்கொண்டே வரும் புனல். கொஞ்சம் சின்ன ஸ்டென்ட்டாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது வழுக்குவது அகலமான பக்கத்துக்கு, அதாவது இருதயத்துக்கு. ஆகவே குழாயைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாகத்தான் எடுப்பார்கள். உங்களுக்குச் சொன்ன 14 மில்லிமீட்டர் அப்படி வந்த கணக்காகத்தான் இருக்கும். பின்னல் வகை ஸ்டென்ட் விரியும்போது நீளத்தில் குறையும், வைத்த இடத்திலிருந்து முனை உள்வாங்கிவிடும். நிக்கல்-டைட்டானியம் குழாயை லேசரில் வெட்டிச் செய்யும் வகை அவ்வளவு குறையாது. நல்ல கை உள்ளவர்கள் கம்பியை இருதயத்தைத் தாண்டி வயிற்றுப் பெருஞ்சிரை வரைக்கும் இறக்கி வைத்துக்கொண்டுதான் ஸ்டென்ட்டை விடுவார்கள். வழுக்கினாலும் கம்பியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும், பிடித்துவிடலாம்.

நான் பார்த்த ஆள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், சிவதாபுரம் பக்கம். வெளியூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நான்காம் நாள் எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்தார். கை நன்றாக வடிந்திருந்தது, அவருக்கு ஒரே சந்தோஷம். படுக்கையைச் சாய்த்ததும் இருமினார். உட்கார வைத்தால் இருமல் நின்றது. 'நெஞ்சுக்குள்ள என்னமோ புரளுதுங்க சார்' என்றார். நாடியைப் பிடித்தால் நடுநடுவே துள்ளல். டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் வைத்தது என்று மட்டும் இருந்தது, எங்கே, என்ன அளவு, எத்தனை என்று ஒன்றும் இல்லை. தண்ணீர் கூடியிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு லிட்டர் இழுத்திருப்பேன். டியூட்டி டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஸ்டென்ட் மார்பெலும்புக்குப் பின்னால் இல்லை, இருதயத்தின் வலது மேலறைக்குள் குறுக்கே கிடந்தது. இன்னொரு மருத்துவமனையில் தொடை வழியாகக் கண்ணி போட்டுப் பிடித்து வெளியே இழுத்தார்கள். பிழைத்தார். மேலறையோடு நிற்காமல் கீழறைக்கோ நுரையீரல் தமனிக்கோ போயிருந்தால் வால்வு கிழிந்திருக்கலாம், நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்திருக்கலாம்.

ஆகவே வைத்து முடித்ததும் எடுத்த கடைசிப் படத்தை சிடியிலோ போனிலோ வாங்கி வையுங்கள். ஸ்டென்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை உங்கள் டயாலிசிஸ் நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகுமுன் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட ஒன்று இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் மலை ஏறாதீர்கள். குலுங்கலுக்காக இல்லை. இரவு பதினோரு மணிக்கு மூச்சுத் திணறினால் ஏற்காட்டில் இருந்து இறங்கி வர ஆகும் நேரத்துக்காக. சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே தங்கட்டும்.

நகர்வதைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், பெரும்பாலோருக்கு வரும் தலைவலி அது இல்லை. அடைத்துக்கொள்வதுதான். ஸ்டென்ட் சுருக்கத்தை விரித்துப் பிடிக்கும், சுருங்க வைத்த காரணத்தைப் போக்காது. வலைக்கண் வழியாகச் சதை உள்ளே வளரும், முனைகளில் தடிக்கும். ஒரு வருடத்துக்குள் மறுபடி கேத் லேபுக்குப் போய் ஸ்டென்ட்டுக்குள்ளேயே பலூன் வைப்பது எங்கள் அனுபவத்தில் சாதாரணம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனிமேல் தொல்லை இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், ஆறு மாதத்தில் திரும்ப வீங்கினால் டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை. உறை போட்ட ஸ்டென்ட்டில் சதை வளர்வது குறைவு. ஆனால் அதற்கு வேறு விலை உண்டு, அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

மார்பெலும்புக்குப் பின்னால் பாதைகள் கூடும் இடங்கள் இருக்கின்றன. இடது கழுத்துக் குழாய் வந்து இடது கைக் குழாயோடு சேரும் ஒரு முக்கு. அப்புறம் இடப்பக்கமும் வலப்பக்கமும் சேர்ந்து மேற்பெருஞ்சிரையாகும் இன்னொரு முக்கு. ஸ்டென்ட்டின் வெளிமுனை முதல் முக்கைத் தாண்டினால் இடது கழுத்தின் வாய் மூடும். உள்முனை இரண்டாவது முக்கில் நீட்டிக்கொண்டு நின்றால் வலது கை, வலது கழுத்து இரண்டின் வழியும் கெடும். உறை போட்டது என்றால் சுவர் எழுப்பினது போல அடியோடு மூடும். வலை மட்டும் உள்ளது என்றால் ரத்தம் கண் வழியாகப் போகும், ஆனால் பின்னால் ட்யூப் போட வேண்டி வந்தால் அந்த வலைக்குள் நுழைக்கப் பெரும்பாடு. டயாலிசிஸ் நோயாளிக்கு உடம்பில் உள்ள வழிகள் எண்ணி வைத்த காசு மாதிரி. இடது கை போனால் வலது கை, அது போனால் கழுத்து, அதுவும் போனால் தொடை. ஒரு கையைக் காப்பாற்றப் போய் மறு கையையும் சேர்த்து அடைத்துக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தொடையில் ட்யூப், அதில் மாதம் ஒரு காய்ச்சல்.

எனவே டாக்டரிடம் 'ஸ்டென்ட் நல்லதா கெட்டதா' என்று கேட்காதீர்கள். 'இது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடியும், வலப்பக்க வாயை மூடுமா, கழுத்து வாயை மூடுமா' என்று கேளுங்கள். ஒரு தாளில் படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரைந்து காட்டுபவர் அதை முன்பே யோசித்திருக்கிறார்.

உடைவது பற்றியும் சொல்ல வேண்டும். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் போகும் இடம் ஒரு பாக்குவெட்டி. கையைத் தூக்கும்போதெல்லாம் இரண்டும் நெருங்கும். அங்கே வைத்த ஸ்டென்ட் நாளாவட்டத்தில் நசுங்கும், கம்பி முறியும், முறிந்த இடத்தில் அடைக்கும். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய ஒருவருக்கு எக்ஸ்ரேயில் ஸ்டென்ட் நடுவே ஒடிந்து இரண்டு துண்டாகத் தெரிந்தது. தறியில் கை எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருக்கும்! உங்கள் அப்பாவுக்குச் சுருக்கம் மார்பெலும்புக்குப் பின்னால் என்றால் இந்தப் பயம் குறைவு. தோளுக்கடியில் என்றால் அங்கே ஸ்டென்ட் வைக்கலாமா என்று இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். எங்கே இருந்தாலும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிப்பது, காபி மூட்டையை இடது தோளில் ஏற்றுவது இரண்டையும் விட்டுவிடட்டும். ஃபிஸ்டுலா கைக்கே அது ஆகாது.

கிருமி தொற்றுவது குறைவு, ஆனால் தொற்றினால் ஸ்டென்ட்டைச் சுலபத்தில் கழற்ற முடியாது, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். மிஷினில் படுத்ததும் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலோடு விடாமல் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரை சில மாதம் கொடுப்பார்கள். கொடுத்தால் எங்களிடம் சொல்லுங்கள். மிஷினில் போகும் ஹெப்பாரினை (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) பார்த்துக் குறைப்போம், இல்லாவிட்டால் ஊசி எடுத்த இடம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதை அடைப்பு என்று தப்பாக நினைத்துவிடவும் கூடும். எம்ஆர்ஐ எடுக்கலாமா என்றால், இப்போதைய நிக்கல்-டைட்டானியம் ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக எடுக்கலாம், லேபிளைக் காட்டி எடுங்கள்.

வைத்த பிறகு கவனிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. காலையில் இரண்டு விரலை ஃபிஸ்டுலா மேல் வைத்துப் பாருங்கள். வண்டு ரீங்கரிப்பது போல அதிர்ந்தால் சரி. அதிர்வு குறைந்து, கல்லுப் போலக் கெட்டியாகி, தட்டித் தட்டித் துடித்தால் மேலே வழி அடைபடுகிறது. படுத்துக்கொண்டு கையை நேராக மேலே தூக்கச் சொல்லுங்கள். புடைத்த குழாய் அமுங்க வேண்டும். அமுங்காமல் அப்படியே நின்றால் அதே அர்த்தம். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டிய காப்புக் கயிறு ஒருவருக்கு இரண்டு கையிலும் இருந்தது, ஃபிஸ்டுலா கையில் மட்டும் அது தோலுக்குள் பதிந்ததை வைத்துத்தான் நாங்கள் முதலில் கண்டுபிடித்தோம். ஆகவே கயிறு, வாட்ச் எல்லாம் அந்தக் கையில் வேண்டாம். ஆனால் வாரம் ஒரு நாள் டெய்லர் டேப்பில் முழங்கைக்கு மேல் சுற்றளவு எடுத்து எழுதுங்கள். நாள்போக்கில் ஏறினால் சதை வளர்கிறது, ஒரு வாரத்துக்குள் வந்து காட்டுங்கள். ஒரே இரவில் வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே வாருங்கள். படுத்தால் மட்டும் இருமல், திடீர் படபடப்பு, புது நெஞ்சு வலி என்றால் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. போனதும் முதல் வார்த்தையாக 'நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது' என்று சொல்லுங்கள்.

மிஷினில் வீனஸ் பிரஷர் (சுத்தமான ரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) என்று ஒரு எண் ஓடும். ஒவ்வொரு முறையும் ஒரே பம்ப் வேகத்தில், ஆரம்பித்த ஐந்தாம் நிமிடத்தில் அதைக் குறித்து வையுங்கள். 130, 140 என்று இருந்தது மூன்று நான்கு தடவை தொடர்ந்து 180, 200 என்று ஏறினால் கை வீங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு நாள் மட்டும் ஏறினால் ஊசி சரியாக இறங்காததாக இருக்கலாம், பதற வேண்டாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் வைக்கலாம் என்பது என் பக்கம், ஓட்டத்தை அளந்துவிட்டு, வலப்பக்க வாயை விட்டுவைக்கிற மாதிரி. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. நான்கு வருடம் முன்பு வலது கழுத்தில் ட்யூப் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஏறவில்லை? அந்தப் பக்கமும் முன்பே அடைத்திருந்ததா, இல்லை போட்டவரால் முடியவில்லையா? இடப்பக்கம் ஸ்டென்ட் வைக்கும் அன்றே வலது கையிலும் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.